மிச்சத் துண்டுகள்

இன்னோஷிமா தீவின் கப்பல் தளம், மூன்றாம் கொட்டகை.
வெல்டிங் குச்சியை எண்ணிக் கொடுப்பதும்
எரிந்த மிச்சத்தை எண்ணி வாங்குவதும் என் வேலை.
எனக்கொரு அடுப்பு உண்டு, சோற்றுக்கல்ல.
நூறு டிகிரியில் குச்சிகள் படுத்திருக்கும்.
ஈரம் குடித்த குச்சி இரும்புக்குள் குமிழ் விடும்;
மழைக்காலத்தில் அதன் கதவை
என் வீட்டுக் கதவைவிடக் கவனமாகச் சாத்துகிறேன்.

விரலளவு துண்டு வந்தால் ஆள் நிதானம்.
பென்சில் நீளம் என்றால் அவசரம், இல்லை முதுகுவலி.
நிஷிகோரி ஒரு வாரம் முழுக்கப்
பாதிப் பாதியாகத் திருப்பித் தந்தார்.
நான் கேட்கவில்லை.
எட்டாம் நாள் அவரே சொன்னார்,
மனைவி ஒனோமிச்சிக்குப் போய்விட்டாள் என்று.

பிறகு வந்தது இந்தத் தடிக்குச்சி.
எழுநூறு மில்லிமீட்டர் நீளம்,
பூச்சு நிறைய இரும்புத்தூள்.
நடுக்கம்பி உருகும்போது
மேல்பூச்சும் தன் பங்கைச் சேர்த்து ஊற்றும்.
கையில் பிடிக்க வேண்டாம்.
முக்காலியின் சாய்ந்த தண்டில் மாட்டி
நுனியைத் தகட்டு மூலையில் வைத்துக் கொளுத்தினால்
எரிய எரியத் தன் கனத்தாலேயே சரிந்து இறங்கும்.
விழுவதுதான் அதற்கு வேலை.

ஓர் ஆளுக்கு ஐந்து முக்காலி.
ஐந்தாவதைக் கொளுத்திவிட்டு வந்தால்
முதலாவது முடியப் பார்க்கும்.
பின்னால் கசடு தானே சுருண்டு கழலும்,
ஹஸ்ஸாக்குப் பழத்தோலை ஒரே இழுப்பில் உரித்த மாதிரி.
சுத்தியலுக்கு அநேகமாக வேலையில்லை.

ஒன்றுதான் அதற்கு ஆகாது: அண்ணாந்து பார்ப்பது.
தலைக்கு மேல் பிடித்தால் ஒழுகிவிடும்.
அதனால் குச்சிக்காகக் கப்பலைக் கவிழ்த்தார்கள்.
நாற்பது டன் பாகத்தைக் கிரேன் தூக்கி
மெதுவாகப் புரட்டிப் போடும்.
டேங்கரின் அடிவயிறு வானம் பார்த்துக் கிடக்கும்,
மழை அதில் குட்டை கட்டும்.

அன்றிலிருந்து எல்லாத் துண்டும் ஒரே நீளம்.
தண்டின் முனையில் ஒரு தடுப்பு, அங்கே நின்றுவிடும்.
ஐம்பது, ஐம்பது, ஐம்பது.
ஏடு சுத்தமாக இருந்தது.
யாருக்கு என்ன கவலை என்று
எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஜூன் மாதம், ஒரு வியாழன்.
ஓரிதா ஐந்து துண்டுகளோடு வந்தார்.
படிக்கட்டு மாதிரி ஐந்து நீளம்:
ஒன்று இன்னும் நான்கு விரலில் முடிந்திருக்கும்,
ஒன்றின் நுனி மட்டுமே கறுத்திருந்தது.
முடியப்போவதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.
பின்னாலேயே ஃபோர்மேன் கஜிதானி,
தலைக்கவசத்தில் நீர் வடிய.

"அடியில் இடைவெளி" என்றார் ஓரிதா.
"பத்து யென் நாணயம் இரண்டு சேர்ந்து நுழைகிறது."
"குச்சி மூடிவிடும்."
"மூடிவிடும். அதனால்தான் நிறுத்தினேன்."

எனக்குத் தெரியும், பெட்டிகளைத் தூக்குபவள் நான்.
இந்தக் குச்சி அள்ளி ஊற்றும், ஆழமாகக் கடிக்காது.
மேலே அரக்குப் பூசிய கிண்ணம்போல் மினுக்கும்,
பரிசோதகரின் அளவுகோல் அதன்மேல் வழுக்கிப்
திருப்தியாகப் போய்விடும்.

கஜிதானி ஒன்றும் பேசாமல்
கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"வீணானது என்று எழுது."
எடை போட்டேன். எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
எழுதினேன். அந்த ஏட்டில் வேறு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்
ஐந்து நீளங்களையும் குறித்துவைத்தேன்,
யாரும் கேட்கமாட்டார்கள்.

மத்தியானம் முழுக்கச் சாணைச் சத்தம்.
ஜாக்கி வைத்துத் தகட்டை அழுத்தினார்கள்.
நான்கு மணிக்கு ஓரிதா மறுபடி வந்தார்,
மெல்லிய கைக்குச்சி பன்னிரண்டு வேண்டுமென்று.
அடுப்பிலிருந்து சூடாகவே கொடுத்தேன்.

மாலையில் பன்னிரண்டும் திரும்பின.
பதினொன்று விரலளவு.
ஒன்று மட்டும் ஒரு சாண்.
இந்த முறை கேட்டுவிட்டேன்.
தும்மினாராம்.